மாமன் மடி

"எங்கண்ணன் வந்துட்டாங்களா?" என்று சாரதாமணி மூன்றாவது முறையாகக் கேட்டபோது மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கண்ணன் என்ன ஏரோப்ளேன்லயா வரான்? பள்ளிபாளையத்துல இருந்து வரணும்ல. புள்ளை தலையில சந்தனம் காயுது பாரு, சித்த விசிறு."

மோகனப்பிரியாவுக்கு மூன்று வயது. காலையில்தான் கோயிலில் மொட்டை அடித்திருந்தார்கள். சந்தனம் பூசிய தலையோடு, யாரோ கொடுத்த சாக்லேட்டை முழங்கை வரை வழியவிட்டபடி அம்மாவின் இடுப்பில் தொற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து அவளுக்குக் காது குத்த வேண்டும்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபம். பின்பக்கச் சன்னலைத் திறந்தால் ஏற்காட்டு மலை ஆளை முட்டுகிற மாதிரி நின்றது. சாரதாமணியின் புருஷன் ஆனந்தகுமாருக்கு அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடை. அவர் பக்கத்து உறவுகள் எல்லாம் சேலத்துக்குள்ளேயே இருப்பவர்கள், எட்டு மணிக்கே வந்து நாற்காலிகளை நிறைத்துவிட்டார்கள். சாரதாமணியின் பக்கத்தில் இருந்து அம்மா முத்தாயம்மாள் மட்டும் முதல்நாளே வந்திருந்தாள். மற்றவர்கள் வராவிட்டால்கூடப் பரவாயில்லை. வரவேண்டியவன் ஒருவன்தான்.

வந்திருந்த பெண்களில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவளாகவே பேச்சை அந்தப் பக்கம் திருப்பினாள். "எங்கண்ணன் பொங்கச் சீரு ஒரு வருசம் தப்பவிட்டதில்லைங்க. கூடப் பொறந்தவங்களே இப்பல்லாம் யாருங்க செய்யறாங்க?" சொல்லும்போதே குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். அது அவளுக்கும் தெரியும். பசித்தவள் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லும்போது குரலில் ஏறுகிற உறுதி போல அது இருந்தது. இருந்தும் அவளால் சொல்லாமல் இருக்க முடிந்ததில்லை.

சாரதாமணி ஒற்றைப் பிள்ளை. அவளுக்குப் பிறகு இரண்டு பிறந்து தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். ஆனால் அந்த இரண்டில் ஒன்று ஆண் என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்கள் அண்ணன்மாரைத் திட்டுவார்கள். "எங்கண்ணன் சனியன், என் பேனாவ எடுத்துட்டான்." அந்தத் திட்டைக் கேட்டு அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். தனக்கும் ஒரு பேனா தொலைய வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்று இருக்கும். அவளுடைய பேனாக்கள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.

பள்ளிபாளையத்தில் அப்பா பாலசுந்தரத்துக்கு வீட்டோடு சேர்ந்த பட்டறையில் எட்டு விசைத்தறிகள். எட்டும் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு பேச்சு உண்டு. குரலே கிடையாது. வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் வைத்துக் காட்டுவார்கள். எதிர்த்தறியில் நிற்பவர் அதைப் பார்த்துப் படித்துக்கொண்டு பதில் காட்டுவார். விலை பேசுவதும் வம்பு பேசுவதும் சண்டை போடுவதும் எல்லாம் அப்படித்தான். கொஞ்ச நாளில் அது உடம்பில் ஊறிவிடும். தறி நின்ற பிறகும், சத்தம் அதிகமான இடம் எதுவாக இருந்தாலும், பஸ் ஸ்டாண்டோ தேர்த்திருவிழாவோ, தொண்டை தானாக மூடிக்கொள்ளும், உதடு தானாக விரியும்.

அந்தப் பேச்சை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் பிரபாகர். பெரியப்பா மகன், அவளைவிட மூன்று வயது மூத்தவன். பள்ளி லீவு விட்டால் பட்டறைதான் அவனுக்கு. தறிக்கு அந்தப் பக்கம் நின்று, பாவு நூலுக்கு மேலாக அவளைப் பார்த்து, "உங்கப்பன் தலையில பஞ்சு ஒட்டியிருக்குது, கெழவனாட்டம் இருக்கறாரு பாரு" என்று உதட்டால் சொல்வான். அவள் சிரிப்பாள். அப்பா திரும்பிப் பார்ப்பார். இருவரும் அறுந்த நூலை முடிவதுபோலக் குனிந்துகொள்வார்கள். உலகத்தில் யாருக்கும் கேட்காமல் இரண்டு பேர் பேசிக்கொள்ள முடிந்தால் அது அண்ணன் தங்கைதான் என்று பத்து வயதில் அவள் முடிவு செய்துகொண்டாள். அவனிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அப்பா இறந்தபோது கொள்ளி வைத்தவனும் பிரபாகர்தான். அப்போது சாரதாமணிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று யாரோ வாசலில் சொன்னதும் அவள் பிள்ளையோடு எழுந்து ஓடினாள். மாமியார் பின்னாலிருந்து, "மெதுவா போடி, மாமன் எங்கயும் ஓடிட மாட்டான்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புகூட அவளுக்கு இனித்தது. அண்ணனை வைத்துக் கேலி செய்யப்படுவதுகூட அண்ணன் உள்ளவர்களுக்குத்தானே கிடைக்கும்.

பிரபாகர் காரிலிருந்து இறங்கினான். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, காதோரம் கொஞ்சம் நரை. பின்னால் அவன் மனைவி வித்யா, குமாரபாளையத்துக்காரி, அவளும் தறி வீட்டுப் பெண்தான்.

"எங்க என்ற மொட்டைப் பாப்பா? அட, இது யாரு சந்தனக் குண்டு?" என்று அவன் பிள்ளையின் தலையைத் தடவ, சந்தனம் கையில் ஒட்டியது. அதை சாரதாமணியின் கன்னத்தில் தேய்த்தான். "என்ன அம்மிணி, மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது? மாமன் வரமாட்டான்னு நெனச்சுட்டயா?"

"நேரமாச்சுல்லங்ணா."

"சங்ககிரியில ரோட்ட நோண்டிப் போட்டிருக்கறானுக. நா என்ன பண்ணட்டும்?"

காரிலிருந்து தட்டுகள் இறங்கின. பழம், இனிப்பு, வெற்றிலை பாக்கு, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, கடைசியாக அவளுக்கான சேலை. மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. இந்த நிறத்தைப் பற்றி யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொன்னதாக நினைவில்லை. போன மாசம் ஒரு கடை வாசலில் பொம்மைக்குக் கட்டியிருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள், அவ்வளவுதான்.

"மாமன் எடுத்த சேலையக் கட்டிட்டு வந்துதான் மணையில நிக்கோணும். போ அம்மிணி, போய் மாத்திட்டு வா" என்றான் பிரபாகர்.

ஆனந்தகுமார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் சேலையை அவருக்கு நேராக விரித்துக் காட்டினாள். "பாத்தீங்களா? உங்களுக்கு ஒரு நாளாச்சும் இப்படி ஒண்ணு எடுக்கத் தெரியுமா?"

அவர் சிரித்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் இதைத்தான் சொல்வாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் இப்படித்தான் சிரிப்பார், சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு.

மேடைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையில் கதவைத் தாழ்போட்டுச் சேலை மாற்றினாள். புதுப்பட்டின் கஞ்சி வாசம். கொசுவத்தை எண்ணி எண்ணி வைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். முப்பத்திரண்டு வயதுப் பெண் தெரியவில்லை, ஒருத்தனின் தங்கை தெரிந்தாள். வெளியே மேளம் தொடங்கிவிட்டது. இரண்டு தவில், ஒரு நாதஸ்வரம், போதாததற்கு ஒலிபெருக்கி. அறைச் சன்னல் மண்டபத்தைப் பார்த்து இருந்தது. அண்ணன் எங்கே நிற்கிறான், மாலை போட்டுவிட்டார்களா என்று பார்ப்பதற்காக ஒரு கதவை மட்டும் திறந்தாள்.

பிரபாகர் மேடை ஓரத்தில் கழுத்தில் மாலையோடு நின்றிருந்தான். வித்யா பெண்கள் வரிசையில், தூணருகே. இருவருக்கும் நடுவில் தவில்காரர்கள். வித்யா முகத்தில் கோபம் இருந்தது. அவள் உதடு விரிந்தது.

"எனக்கு எப்பவாச்சும் இப்படியொரு சேலை எடுத்திருக்கறீங்களா?"

சாரதாமணிக்குச் சிரிப்பு வந்தது. பாவம் அண்ணன், இன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறான். அவன் என்ன சொல்லிச் சமாளிக்கிறான் என்று பார்த்தாள்.

பிரபாகர் சுற்றுமுற்றும் பார்க்கக்கூட இல்லை. பார்க்க என்ன இருக்கிறது? மண்டபம் முழுக்கச் சேலத்துக்காரர்கள், தறி வாசனையே மறந்தவர்கள். நெற்றியைச் சுருக்கி, வாயை நன்றாகத் திறந்து, எதிர்த்தறிக்காரிக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

"நா எங்கடி எடுத்தேன்? அவ ஊட்டுக்காரரு எடுத்தது. நேத்து அஸ்தம்பட்டி போயி வாங்கியாந்தேன்."

"கொலுசு?"

"எல்லாமே அவருதான். பொங்கச் சீரு, தொட்டிலு, எல்லாம். நா தட்டைத் தூக்கியாறதோட செரி."

வித்யாவின் முகம் மாறியது. கோபம் போய், வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா இரக்கமா என்று தெரியவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி காட்டினாள். "அவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா தாங்குவாளா? பாவம். இன்னியோட முடிஞ்சுதுன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன். எத்தனை வருசத்துக்கு வேசம் கட்டறது?"

பிரபாகர் மாலையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் வந்த யாரோ ஒரு பெரியவருக்குக் கும்பிடு போட்டான்.

சாரதாமணி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று முதலில் தோன்றியது. ஆனால் அவன் உதட்டை அவள் தப்பாகப் படித்ததே இல்லை. அவன் உதட்டில்தான் படிக்கவே கற்றுக்கொண்டாள். மண்டபத்தின் மறுகோடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கண் பிரபாகர்மேல் இருந்தது, அதிலிருந்து நகர்ந்து நகர்ந்து கடைசியில் இந்தச் சன்னலுக்கு வந்து நின்றது. அம்மாவும் படித்திருந்தாள். அவள் முகத்தில் திகைப்பு இல்லை, பயம் மட்டும் இருந்தது. குரல் இல்லாமல் உதட்டை அசைத்தாள்.

"வேண்டாம் சாமி. அப்பறம் பேசிக்கலாம்."

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

சாரதாமணி சன்னலை மூடினாள். கட்டியிருந்த சேலை திடீரென்று கனத்தது. கழற்றிவிடலாம் என்று முந்தானையைத் தோளிலிருந்து எடுத்தவள், அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எந்தச் சேலையைக் கட்டுவது? அவிழ்த்துப் போட்டதும், பெட்டியில் இருக்கும் மற்றதும் அண்ணன் கொடுத்ததுதான். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அண்ணன் சேலைதான் கட்டுவாள். புருஷன் தீபாவளிக்கு எடுத்துக் கொடுப்பதை வீட்டில் கட்டித் துவைத்துப் போடுவாள். "உங்களுக்குக் கலரு பாக்கத் தெரியாதுங்க" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். அவர் வேண்டுமென்றே தன் பெயரில் எடுப்பதை மட்டமாக எடுத்தாரா? நல்லதையெல்லாம் அந்தத் தட்டுக்கு ஒதுக்கிவைத்தாரா?

அவளுக்கு ஒரு பொங்கல் ஞாபகம் வந்தது. அப்பா போய், துக்க வருஷம் கழிந்து வந்த முதல் பொங்கல். காலையிலேயே தலைக்கு ஊற்றி, கோலம் போட்டு, வாசல் கேட்டருகே நின்றாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அண்ணன் தம்பிகள் கரும்போடு வந்துகொண்டிருந்தார்கள். மதியம் ஆனது. யாரும் வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றாள். ஆனந்தகுமார் ஒரு வேலை இருக்கிறது என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். நாலு மணிக்குப் பிரபாகர் வந்தான், தட்டோடு. அவள் அழுதுவிட்டாள். "அட லூசு, மாடு கட்டறதுல நேரமாயிருச்சு" என்றான். அவன் வீட்டில் மாடே கிடையாது. அது அவளுக்கு அப்போதும் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையை அவள் தொடாமல் தாண்டிப் போயிருந்தாள். இப்படி எத்தனை வார்த்தைகளைத் தாண்டியிருக்கிறாள்? ஒரு வருஷம்கூட அவன் அவளைத் தன் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. போன் போட்டால் மூன்று முறைக்கு ஒரு முறை எடுப்பான். ஊரார் உதட்டையெல்லாம் படிக்கத் தெரிந்தவள் தன் கண் முன்னால் நடந்ததை மட்டும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அதனால் அவர்கள் செய்த ஏமாற்று இல்லையென்று ஆகிவிடுமா?

கதவைத் தட்டும் சத்தம். "சாரதா, ஆச்சா? ஆசாரி வந்துட்டாரு." ஆனந்தகுமாரின் குரல்.

கதவைத் திறந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி தாழ்போட்டாள். அவர் சேலையைப் பார்த்தார். அவருடைய கண்ணில் ஒரு திருப்தி வந்து போனது, தான் நினைத்தபடி நிறம் பொருந்திவிட்ட திருப்தி. இத்தனை வருஷமும் அந்தப் பார்வையை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று இருந்தது அவளுக்கு.

"இது நீங்க எடுத்ததா?"

"எது?"

"ஏனுங்க, என்னையப் பாத்துச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கட்டில்மேல் கிடந்த பிள்ளையின் துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"யாரு சொன்னாங்க?"

"எங்கண்ணன்."

"பிரபாகரா? உங்கிட்டயா சொன்னான்?"

"எங்கிட்டச் சொல்லல."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. கல்யாணமான புதிதில் தறிப்பேச்சைச் சொல்லிக்கொடு என்று அவளிடம் கேட்டவர் அவர். இரண்டு நாள் முயன்றுவிட்டு, "இதெல்லாம் எனக்கு ஏறாது" என்று விட்டுவிட்டார். துண்டை மடித்து முடித்தார். பிறகு அதை விரித்து மறுபடி மடித்தார்.

"அந்தப் பொங்கலுக்கு நீ வாசல்ல காத்துக்கிட்டு நின்னயே, அத என்னால பாக்க முடியல சாரதா. ஒரு நாளுன்னுதான் நெனச்சேன். அப்புறம் நீ அவ்வளவு சந்தோசமா இருந்த. அடுத்த வருசம் எப்படி நிறுத்தறது?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அத்தைக்கு?"

அவர் துண்டைத் திரும்பக் கட்டில்மேல் வைத்தார். அப்படியானால் மாமியாருக்கும் தெரியும். வாசலில் அவள் ஓடியபோது சிரித்த பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"உன்ன ஏமாத்தணும்னு செய்யல."

"தெரியுதுங்க" என்றாள். அவளுக்கு உண்மையாகவே தெரிந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் கத்தியிருப்பாள். இவர்கள் எல்லாரும் கூடிப் பேசி, இவளுக்கு இல்லாததை இல்லை என்று சொன்னால் தாங்கமாட்டாள் என்று தீர்மானித்திருக்கிறார்கள். அவள் இல்லாத இடத்தில் உட்கார்ந்து. யார் முதலில் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள், பாவம் என்று?

"நா அவங்கிட்டக் காட்டுன பாசமெல்லாம் என்னாங்க? அவனுக்கு ஒடம்பு சரியில்லைன்னா நா சாப்பிடாம கெடந்தனே. அதெல்லாம் பாத்துட்டு உள்ளுக்குள்ள என்ன நெனச்சீங்க?"

"சாரதா, மொதல்ல காது குத்து முடியட்டும். வெளிய எல்லாரும் ஒக்காந்திருக்காங்க."

"ஆமாங்க. எல்லாரும் ஒக்காந்திருக்காங்க."

முந்தானையை மறுபடி தோளில் போட்டுக் குத்திக்கொண்டாள். கண்ணைத் துடைக்கத் தேவையிருக்கவில்லை, வறண்டு கிடந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

மேடையில் மணை போட்டு, கோலத்தின்மேல் நெல் பரப்பியிருந்தார்கள். ஆசாரி தீர்த்தகிரி கம்பிகளைச் சின்னத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயதானவர். காலையிலிருந்து இது அவருக்கு மூன்றாவது காதுகுத்து. "தாய்மாமன் வாங்க, நேரமாவுது" என்று அவர் கூப்பிட்டதும் தவில்காரர்கள் வேகத்தை ஏற்றினார்கள். குத்தும்போது பிள்ளை அழுகிற சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக அந்த அடி. பிரபாகர் மாலையோடு மணையை நோக்கி வந்தான். மாமியாரின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு சாரதாமணி அவனுக்கு எதிரில் போய் நின்றாள்.

அந்தச் சத்தத்தில் தொண்டை தானாக மூடிக்கொண்டது. உதட்டை விரித்து, மெதுவாக, அவன் ஒரு எழுத்தையும் விடாமல் படிக்கும்படி சொன்னாள்.

"அண்ணா, உனக்கே மனசிருந்தா ஒக்காரு. வேசம்னா வேண்டாம்."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் கண்ணிலிருந்து போயிற்று, வாயில் இன்னும் மிச்சம் இருந்தது. வித்யா இருந்த திசையை ஒரு முறை பார்த்தான். சாரதாமணி காத்திருந்தாள். அவளுக்குள் வெட்கம்கெட்ட ஏதோ ஒன்று இப்போதும் காத்திருந்தது. ஒக்காந்துரு என்று அது கெஞ்சியது. மனசு இருக்குது அம்மிணி என்று ஒரு பொய்யாவது சொல்லு, நான் நம்பிவிடுகிறேன். இத்தனைக்குப் பிறகும் தனக்கு அது வேண்டியிருக்கிறது என்பதை அவள் அருவருப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஒரு தடவை. அவன் வாயைத் திறந்தால் போதும்.

பிரபாகர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலாக, அவள் பின்னால் நின்ற ஆனந்தகுமாரைப் பார்த்தான். என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை. முதலாளி சொன்னால் உட்காருவதற்கும் சொன்னால் போவதற்கும் தயாராக நிற்கிறவனின் பார்வை.

அதற்கு மேல் அவளுக்குப் படிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவனைச் சுற்றிக்கொண்டு போய், பிள்ளையை மடியில் வைத்து, மணையில் தானே உட்கார்ந்தாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு மாமியார் ஓடி வந்தாள். "என்னடி இது? எந்திரி. பெத்தவ மடியில வெச்சு எந்த ஊர்ல காது குத்துவாங்க? தம்பி, நீ ஒக்காருப்பா." பிரபாகர் நகரவில்லை. கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். "என்னாச்சு, என்னாச்சு" என்று பின்வரிசையில் எழுந்தார்கள். அம்மா எழவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், உதட்டை மகள் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல.

"அவளுக்குத் தாய்மாமன் இல்லைங்க அத்தை" என்றாள் சாரதாமணி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தவில்காரர்கள் மேடையில் நடப்பதைப் பார்த்து அப்போதுதான் அடியை நிறுத்தியிருந்தார்கள். அது மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அவள் வாயால் சொல்லியிருக்கிறாள். நாக்கு கூசும் என்று நினைத்தாள். கூசவில்லை, வெறும் சொல்லாக இருந்தது, வீட்டில் உப்பு இல்லை என்பதுபோல.

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்து, பிறகு மகனின் முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொண்டாள்.

தீர்த்தகிரி ஆசாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "யாரு மடியா இருந்தா என்னம்மா? புள்ளை தலைய ஆட்டாம புடிச்சாச் செரி. ஆட்டுனா எடம் தப்பிரும், அவ்வளவுதான். புடிச்சுக்குவயா?"

"புடிச்சுக்குவேன்."

"அழுதா கைய விட்ருவீங்க. அதுக்குத்தான் அம்மாமாரு வேண்டாங்கறது."

"விடமாட்டேன்."

அவர் மஞ்சளைத் தொட்டு இரண்டு காது மடலிலும் பொட்டு வைத்தார். குழந்தை சுற்றி நின்ற முகங்களையெல்லாம் பார்த்தது. இதுவரை ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தது. ஆசாரியின் கையில் கம்பியைப் பார்த்ததும் உடம்பு இறுகியது. அண்ணாந்து அம்மாவைப் பார்த்தது.

"ம்மா, வலிக்குமா?"

மேடையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் கொஞ்சினார்கள். "வலிக்காதுடா தங்கம். வலிக்கவே வலிக்காது. எறும்பு கடிச்ச மாதிரி." ஆனந்தகுமாரும் முன்னால் வந்து குனிந்து, "வலிக்காது பாப்பா, அப்பா இருக்கேன்ல" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

குழந்தை அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வலிக்கும் சாமி" என்றாள் சாரதாமணி.

"அடி பாவி" என்றாள் மாமியார்.

குழந்தையின் கீழ் உதடு பிதுங்கியது. கண் நிறைந்தது. ஆனால் ஓடப் பார்க்கவில்லை. அம்மாவின் சேலையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. சாரதாமணி அந்தச் சின்னத் தலையைத் தன் மார்போடு சேர்த்து, ஒரு கையைக் கன்னத்திலும் இன்னொரு கையை நெற்றியிலும் வைத்து இறுக்கினாள். சந்தனம் புதுப்பட்டின்மேல் அப்பியது. ஆசாரி தவில்காரர்களுக்குத் தலையை அசைத்தார். சத்தம் எழுந்தது. கம்பி உள்ளே போன நொடியில் குழந்தையின் உடம்பு முழுக்கத் துள்ளியது, வாய் திறந்தது, அந்த மேளத்தில் அழுகை கேட்கவில்லை. ஆனால் சாரதாமணி அதைத் தன் விலாவில் உணர்ந்தாள். கையை விடவில்லை.

"ஒண்ணு முடிஞ்சுது" என்றார் ஆசாரி. "திருப்புங்க."

தவில் ஒரு நிமிடம் ஓய்ந்தது. குழந்தை விக்கி விக்கி மூச்சு வாங்கியது. குத்திய காதைத் தொடப்போன கையை சாரதாமணி பிடித்துக்கொண்டாள். நனைந்த முகத்தோடு அது அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அதை அவள் வாங்கிக்கொண்டாள்.

"அந்தக் காதும் வலிக்குமா?"

"ஆமா கண்ணு. இதே அளவு வலிக்கும்."

குழந்தை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தானாகவே தலையைத் திருப்பி, குத்தாத காதை ஆசாரி பக்கம் வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.